இரும்பின் இரு பகைவர்

தமிழில் 'பூசி மெழுகுதல்' என்ற தொடருக்கு நற்பெயர் இல்லை. குறையை மறைக்கிறவனைப் பூசி மெழுகுகிறான் என்கிறோம்; போலிப் பேச்சை முலாம் பூசிய பேச்சு என்கிறோம். மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் பல ஆண்டுகளாக இருந்து வரும் எனக்கு, பொறியியல் அறிக்கைகளில் 'பூச்சு' என்ற சொல் வரும்போதெல்லாம் சிறிது சங்கடம் உண்டாவதுண்டு. யந்திரங்களின் உலகில் பூச்சு என்பது பொய் அன்று. கொதிகலனின் குழாயும், உலையின் கதவும், கப்பல் யந்திரத்தின் தகடும் நிலைத்திருப்பது, அவற்றின்மேல் நகக்கனமும் இல்லாமல் படிந்திருக்கும் ஒரு தோலினால்தான். அந்தத் தோலின் வரலாற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதற்கு நான் தேர்ந்துகொண்ட இடம் அந்தமான்.

ஏன் அந்தமான் என்று நீங்கள் வினவலாம். ஜாம்ஷெட்பூரிலும் பிலாயிலும் ரூர்கேலாவிலும் பெருநெருப்பின் அருகே நின்று பணிபுரியும் தமிழன்பர்கள், உருக்காலையே இல்லாத தீவுக்கூட்டத்துக்குப் போய் உலையைப்பற்றிப் பேசுவானேன் என்று நகைக்கவும் கூடும். காரணம் இதுதான். இரும்புக்குப் பகைவர் இருவர். ஒருவர் கடல், மற்றவர் நெருப்பு. உள்நாட்டு உருக்காலையில் நெருப்பின் பகையே பெரிது. துறைமுகத்துக் கிராதிக்குக் கடலின் பகையே பெரிது. இருவரும் சேர்ந்து ஒரே இரும்பின்மேல் பாயும் இடங்கள் சிலவே. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்து, ஆண்டின் பெரும்பகுதியில் ஈரமும் உப்பும் கலந்த காற்று வீசுகின்ற அந்தமானில், அடுப்புள்ள யந்திரம் ஒவ்வொன்றும் அப்படிப்பட்ட இடமே. அன்றியும், சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் கிடக்கிறது. ஓர் உறுப்பு உடைந்தால் மாற்று உறுப்பு வரும் கப்பலை எதிர்பார்த்துக் கரையில் நிற்க வேண்டியதுதான். (2024-ஆம் ஆண்டு அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டது. பழைய நிகழ்ச்சிகளைச் சொல்லும்போது பழைய பெயரையே வழங்குகிறேன்.)

1858-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10-ஆம் நாள், டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் என்னும் ஆங்கிலேய அதிகாரி, சிப்பாய்களின் எழுச்சியையொட்டித் தண்டிக்கப்பட்ட 200 கைதிகளுடன் அந்தமானில் வந்திறங்கினார். முதலில் சாத்தம் தீவில் குடியேறினார்கள். சுற்றிலும் நீர், குடிக்கவோ நீர் இல்லை. ஆகவே அருகிலிருந்த ராஸ் தீவுக்கு மாறினார்கள். அச்சிறு தீவே பின்னர் எண்பது ஆண்டுகளுக்குமேல் தலைநகராக விளங்கிற்று. மாதா கோயில், அச்சுக்கூடம், ரொட்டிச்சாலை, மருத்துவமனை, நீரைக் காய்ச்சி வடித்துத் தூய்மை செய்யும் சாலை என ஒரு நகரத்துக்கு வேண்டிய யாவும் அங்கே எழுந்தன. 1941-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் நேர்ந்த பெரும் பூகம்பமும், அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜப்பானியர் வந்து பிடித்துக்கொண்டதும் அதன் வாழ்வை முடித்தன. இன்று நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தீவு என்று வழங்கும் அவ்விடத்துக்குச் செல்வோர் காண்பது, ஆலமரத்தின் விழுதும் வேரும் பற்றியிருக்கும் சுவர்களையும், துரு உண்டு மிச்சம் வைத்த இரும்பையுமே.

கொதிகலன் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இரும்புச் சுவரின் ஒரு பக்கம் நீர், மறுபக்கம் தீ. ரொட்டி சுடும் அடுப்பின் கதவோ உள்ளே கனலையும் வெளியே கடற்காற்றையும் தாங்கி நிற்பது. பெருநிலத்து நகரத்தில் இவற்றுள் ஒன்று ஓட்டையானால் கருமானை அழைக்கலாம், அடுத்த தெருவில் புதிது வாங்கலாம். தீவில் அப்படி இல்லை. குடிநீரும் உணவும் அந்தச் சுவரின் கனத்தைப் பொறுத்தவை. அந்தக் கனத்தை இரு பக்கத்திலிருந்தும் இரு பகைவரும் நாள்தோறும் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

இவ்விரு பகைவருள் கடலுக்கு மாற்று முன்னரே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அது துத்தநாகம். உருகிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்த்தால் துருப்பிடியாது என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி மலூவன் 1742-ஆம் ஆண்டிலேயே விளக்கினார். அதைத் தொழிலாக்கியவர் சொரேல். அவர் பிரான்சில் உரிமைப்பட்டயம் பெற்றது 1837-ஆம் ஆண்டில். இரும்புத் தகட்டை நெளிநெளியாக வளைத்து உறுதியாக்கும் முறையும் அதற்குச் சற்று முன்னர், 1829-இல், இங்கிலாந்தில் பாமர் என்பவரால் கொண்டுவரப்பட்டிருந்தது. நெளிவும் துத்தநாகமும் கூடியதே, உலகின் துறைமுகங்களிலும் தோட்டங்களிலும் எங்கும் காணும் கூரைத்தகடு. நாம் அதனைத் 'தகரம்' என்கிறோம். தகரம் என்பது நம் பழைய நூல்களில் வெள்ளீயத்தின் பெயர். தகரக் கொட்டகையிலோ வெள்ளீயம் அணுவளவும் இல்லை. மொழிபெயர்ப்பாளனுக்கு இது ஒரு தீராத தலைவலி. ஆனால் மக்கள் வைத்த பெயரை மாற்ற யாரால் முடியும்?

இங்கே நம் நாட்டின் பெருமை ஒன்றைச் சொல்லாமல் அப்பால் செல்ல மனமில்லை. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் ஆவியாகிவிடும். காற்றுப் பட்டால் அந்த ஆவி வெண்பொடியாகிவிடும். ஆகவே அதனைத் தாதுவிலிருந்து பிரித்தெடுப்பது எளிதன்று. ராஜஸ்தானத்தில் உதயபுரிக்கு அருகேயுள்ள ஜாவரில், கத்தரிக்காய் வடிவிலான மண்கலங்களில் தாதுவை இட்டு, ஓர் உலைக்கு 36 கலங்களாகக் கவிழ்த்து அடுக்கி, மேலே தீயும் கீழே குளிர்ச்சியுமாக வைத்து, ஆவியைக் கீழ்நோக்கி வடித்து எடுத்தார்கள். ஐரோப்பாவில் வில்லியம் சாம்பியன் இவ்வாறு வடிக்கும் முறைக்கு உரிமைப்பட்டயம் பெற்ற 1738-ஆம் ஆண்டுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே நிகழ்ந்த தொழில் இது. உதயபுரியில் வாழும் தமிழன்பர்கள் ஒருமுறை சென்று பார்க்கத்தக்க இடம். பழைய கலங்கள் அங்கே குன்றுபோல் குவிந்து கிடக்கின்றன.

துத்தநாகம் இரும்பைக் காக்கும் விதம் விசித்திரமானது. அது வெறும் போர்வை அன்று. ஈரமும் உப்பும் சேர்ந்த இடத்தில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அவற்றினூடே மெல்லிய மின்னோட்டம் எழுகிறது. அப்போது இரண்டில் எது எளிதில் கரையுமோ அது தான் கரைந்து மற்றதைக் காக்கிறது. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் கரைவது. எனவே பூச்சில் கீறல் விழுந்து இரும்பு தெரிந்தாலும், சுற்றியுள்ள துத்தநாகம் தன்னைக் கொடுத்து அந்தக் கீறலைக் காக்கிறது. போர்ட் பிளேரின் கூரைகள் இத்தனை மழையைத் தாங்கியது இதனால்தான்.

ஆனால் இதே துத்தநாகத்தை அடுப்புக் கதவில் பூசினால் என்ன ஆகும்? வெறும் 420 டிகிரியில் அது உருகி ஓடிவிடும். அதற்கு வெகு முன்னரே, 200 டிகிரியைத் தாண்டி நெடுநாள் வெந்துகொண்டிருந்தால் பூச்சு உரியத் தொடங்கிவிடும். தன்னைக் கொடுத்துக் காப்பதற்கு ஈரம் வேண்டுமல்லவா? கனலுக்குள் ஈரம் ஏது, மின்னோட்டம் ஏது? கடலை வெல்லும் கவசம் தீயிடம் தோற்றுவிடுகிறது.

இது நம் வீட்டுப் பெண்மணிகள் நன்கறிந்த உண்மைதான். ஈயச்சொம்பில் ரசம் வைக்கத் தெரிந்தவர், முதலில் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றுவார். வெறுஞ்சொம்பை ஏற்றினால், சொம்பு உருகி அடுப்பில் வழிந்துவிடும். வெள்ளீயம் உருகும் நிலை 232 டிகிரி. உள்ளே நீர் கொதிக்கும் வரையில் உலோகத்தின் உஷ்ணம் 100 டிகிரிக்கு அதிகமாக ஏறாது. எங்கோ தொலைவில் வடநாட்டு நகரத்தில் குடித்தனம் தொடங்கி, அம்மா கொடுத்தனுப்பிய ஈயச்சொம்பை முதல் வாரத்திலேயே பறிகொடுத்த இளம் தம்பதிகள் இதைக் கேட்டுப் புன்னகை புரிவார்கள் என்று நினைக்கிறேன்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். தரையில் குழி தோண்டித் துருத்தியால் ஊதிக் கரியைக் கனலச் செய்து, புளியும் மணலும் இட்டுத் தேய்த்த பாத்திரத்தைச் சூடேற்றி, வெள்ளீயக் குச்சியால் ஒரு கோடு இழுத்து, சிட்டிகை நவச்சாரத்தைத் தூவுவார். வெண்புகை குபீரென்று எழும். பஞ்சால் ஒரு சுழற்று. பாத்திரத்தின் உட்புறம் நிலவுபோல் வெளுத்துவிடும். அந்த நவச்சாரம் செய்த வேலை என்ன? சூட்டில் அது பிரிந்து ஓர் அமில வாயுவை விடுகிறது. அந்த வாயு உலோகத்தின் மேலிருக்கும் அழுக்குத்தோலைக் கரைத்துவிட, வெள்ளீயம் உலோகத்தோடு நேரே ஒட்டிக்கொள்கிறது. இரும்பைத் துத்தநாகத்தில் தோய்ப்பதற்கு முன்பும் நவச்சாரம் கலந்த கரைசலில் முக்குவது வழக்கம். இந்த நவச்சாரத்தை நேயர்கள் மறந்துவிட வேண்டாம். தீயை வென்ற கவசத்தின் கதையிலும் அது வரப்போகிறது.

தீ இரும்பை எவ்வாறு தின்கிறது? கருமான் பட்டறையில் இதைக் கண்ணாரக் காணலாம். உலையிலிருந்து எடுத்த இரும்பைச் சம்மட்டியால் அடிக்கும்போது கருஞ்செதில்கள் உதிர்கின்றன அல்லவா? அவை காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்த இரும்பு. நாம் அன்றாடம் காணும் துருவுக்கு நீர் வேண்டும். இந்தச் செதிலுக்கு நீர் வேண்டாம், சூடு போதும். சுமார் 570 டிகிரிக்கு மேல் இது பன்மடங்கு விரைவாகிறது. அந்த உஷ்ணநிலையைத் தாண்டியவுடன் இரும்புக்கும் செதிலுக்கும் இடையே புதிய அடுக்கு ஒன்று உண்டாகிறது. அந்த அடுக்கில் அணுக்கள் இருக்கவேண்டிய இடங்கள் பல காலியாகக் கிடக்கின்றன. காலியிடங்களின் வழியே இரும்பு அணுக்கள் தாராளமாக வெளியேறிப் பிராணவாயுவைச் சந்திக்கின்றன. போதாக்குறைக்கு, அடுப்பை அணைத்து மீண்டும் மூட்டும்போதெல்லாம் செதில் வெடித்து உரிகிறது. உள்ளே புதிய இரும்பு வாய் திறந்து நிற்கிறது. உலைத்தட்டின் கம்பிகள் மாதத்துக்கு மாதம் மெலிவது இப்படித்தான்.

இதற்கு மிகப் பழைய மருந்து மண். நம் சித்த வைத்தியர்கள் புடமிடும்போது மூசையையும் அகலையும் மண் தோய்ந்த துணியால் சுற்றிக் காயவைத்தார்கள். சீலைமண் செய்தல் என்று அதற்குப் பெயர். மண் தீயைத் தடுக்கும், காற்றையும் தடுக்கும். ஆனால் கொதிகலன் குழாய்க்குச் சீலைமண் செய்ய இயலாது. சூடு உள்ளே செல்ல வேண்டும். தீ மட்டும் உள்ளே செல்லக்கூடாது. இந்தச் சிக்கலுக்கு உலோகத்திலேயே விடை இருந்தது.

1886-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரிக்கும் வழியைக் கண்டார்கள். அதுவரை அரிய பொருளாக இருந்த அலுமினியம் மலிவாயிற்று. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அப்படியிருக்க, அது எவ்வாறு தீக்குக் கவசமாகும்? இங்குதான் விந்தை. அலுமினியம் காற்றுப் பட்ட கணமே தன்மேல் ஒரு தோலை வளர்த்துக்கொள்கிறது. கண்ணுக்குப் புலனாகாத அந்தத் தோல், மாணிக்கமும் நீலமும் எந்தப் பொருளால் ஆனவையோ அதே பொருளால் ஆனது; 2,000 டிகிரிக்கு மேலும் உருகாதது. அமெரிக்கர்களான பில்லிங்கும் பெட்வொர்த்தும் 1923-இல் இதற்கு ஓர் எளிய கணக்கு வகுத்தார்கள். ஓர் உலோகத்தின் தோல், அது உண்டாவதற்குச் செலவான உலோகத்தைவிடச் சிறிய இடத்தை அடைத்தால் கிழிந்துபோகும். மிகப் பெரிய இடத்தை அடைத்தால் புடைத்து உரியும். அலுமினியத்தின் தோலோ சுமார் ஒன்றேகால் பங்கு இடத்தை அடைத்து இறுகப் பொருந்துகிறது. இந்தக் கணக்கு எல்லா உலோகங்களுக்கும் சரியாக வருவதில்லை என்பது பின்னர் தெரிந்தது. எனினும், காப்பது உலோகமல்ல, உலோகத்தின் தோலே என்ற கருத்து அதனால் நிலைபெற்றது.

இந்தத் தோலை இரும்புக்கு எப்படிக் கொடுப்பது? அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த வான் ஆலர், முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் ஒரு வழி கண்டார். இரும்பு உறுப்பை ஒரு பெட்டியில் வைத்து, சுற்றிலும் அலுமினியத் தூளையும், அலுமினிய ஆக்சைடுப் பொடியையும், அவற்றோடு சிறிதளவு நவச்சாரத்தையும் நிரப்பி, காற்றுப் புகாமல் மூடிப் பல மணிநேரம் சூடேற்றினார். ஆம், ஈயம் பூசுகிறவரின் அதே நவச்சாரம்! சூட்டில் பிரிந்த நவச்சாரத்தின் அமில வாயு அலுமினியத்தோடு கூடி ஆவியாகிறது. அந்த ஆவி இரும்பின் மேற்பரப்பை அடைந்து, சுமந்து வந்த அலுமினியத்தை அங்கே இறக்கிவிட்டு, மறுபடியும் சுமை தூக்கத் திரும்புகிறது. இறங்கிய அலுமினியம் மேலே நிற்பதில்லை. இரும்புக்குள் ஊறி அதனோடு கலந்து, அலுமினியத்தைவிட வெகு உயர்ந்த உஷ்ணத்திலும் உருகாத புதிய சேர்மமாகிறது. அதாவது இங்கே பூச்சு என்று ஒன்று தனியே இல்லை. இரும்பின் மேற்பரப்பே வேறு உலோகமாக மாறிவிட்டது. அது காற்றைக் கண்டதும் அலுமினியத்தின் தோலை வளர்க்கிறது. தோல் கிழிந்தால் மறுபடியும் வளர்க்கிறது. உலைகளின் குழாய்கள், உஷ்ணமானியின் உறைகள், உலோகத்தைப் பதப்படுத்தும் பெட்டிகள் முதலியன இம்முறையால் நெடுநாள் உழைக்கலாயின. அலுமினியத்துக்குப் பதிலாகக் குரோமியத்தையும் சிலிக்கனையும் இட்டுச் செய்யும் முறைகளும் பின்னர் வந்தன.

உறுப்பு முழுவதையுமே தீயைத் தாங்கும் கலப்பு உலோகத்தால் செய்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். நிக்கலும் குரோமியமும் சேர்ந்த கம்பிக்கு அமெரிக்காவில் மார்ஷ் என்பவர் 1906-இல் உரிமை பெற்றார். நம் வீட்டு மின்சார அடுப்பில் சிவந்து எரியும் கம்பி அதன் வழி வந்ததே. ஆனால் விலை அதிகம். மேலும், வலிமை மிகுந்த உலோகம் தீயைத் தாங்குவதில் சிறந்ததாக இருக்கவேண்டும் என்பதில்லை. எலும்புக்கு ஒரு பொருள், தோலுக்கு ஒரு பொருள் என்று இயற்கையே பிரித்து வைத்திருக்கிறது. பூச்சு முறையும் அதுவே. அதற்கும் குறை உண்டு. அலுமினியம் தீயில் இருக்கும் காலமெல்லாம் மெதுவாக உள்நோக்கி ஊறிக்கொண்டே போகிறது. ஒருநாள் மேற்பரப்பில் அது போதாமற் போகும்போது கவசம் கைவிட்டுவிடும். அந்த மேற்பரப்பு நொய்மையானதும்கூட. திடீரெனக் குளிர்ந்தால் வெடிக்கும்.

மறுபடியும் அந்தமானுக்கு வருவோம். சாத்தம் தீவில் 1883-ஆம் ஆண்டு அரசாங்க மர ஆலை நிறுவப்பட்டது. ஆசியாவின் பழைய மர ஆலைகளுள் அது ஒன்று. 1942-இல் ஜப்பானியரின் குண்டு விழுந்த பள்ளத்தை இன்றும் அதன் வளாகத்தில் காட்டுகிறார்கள். அக்காலத்து மர ஆலைகள் நீராவியை நம்பியவை. காட்டில் வெட்டிய மரங்களைக் கடலில் தெப்பமாகக் கட்டி மிதக்கவிட்டு ஆலைக்குக் கொணர்வது அங்கே வழக்கமாயிருந்தது. கடலில் ஊறிய மரத்தின் கழிவை அடுப்பில் இட்டால், விறகோடு உப்பும் அடுப்புக்குள் செல்லும். கனடாவின் மேற்குக் கரையில் இவ்வாறே மரங்களைக் கடல்வழியே மிதக்கவிட்டுக் கொணரும் ஆலைகள், உப்பு ஏறிய மரக்கழிவு கொதிகலனை அரிப்பதைக் கண்டு வெகுவாக இடர்ப்பட்டிருக்கின்றன. வெளியே நிற்க வேண்டிய பகைவன் விறகுக் கட்டுக்குள் ஒளிந்து உள்ளே வந்துவிடுகிறான்.

அலுமினியக் கவசத்துக்கு வந்த பெரிய சோதனையும் இதுவே. தனித்த தீயை அது வென்றது. தீயும் உப்பும் கூடியபோது தடுமாறியது. அதை உலகம் உணர்ந்தது அடுப்பில் அன்று, ஆகாயத்தில். இங்கிலாந்தில் விட்டில் 1937-இல் ஓட்டிக்காட்டிய எரிவாயுச் சுழலி, போருக்குப் பின் விமானங்களிலும் கப்பல்களிலும் இடம்பெற்றது. அதனுள் சுழலும் தகடுகள் செந்தணலாகக் காய்ந்தபடியே நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றுபவை. அவற்றுக்கு மேலும் மேலும் வலிமை வேண்டி நிக்கல் உலோகத்தின் கலவையை மாற்றியபோது, தீயைத் தாங்க உதவும் குரோமியத்தைக் குறைக்க நேர்ந்தது. குறைந்த காப்பை அலுமினியப் பூச்சு ஈடுசெய்தது. ஆனால் 1960-களின் பிற்பகுதியில், வியட்நாம் போரின்போது கடலுக்குமேல் தாழப் பறந்த விமானங்களின் சுழலிகள், எதிர்பார்த்த காலத்துக்கு வெகு முன்னரே அரிக்கப்பட்டுப் போயின.

காரணம் எளியது, கொடியதும்கூட. சுழலி உறிஞ்சும் கடற்காற்றில் உப்பு இருக்கிறது. எரிபொருளில் கந்தகம் இருக்கிறது. இரண்டும் நெருப்பில் கூடிச் சோடியம் சல்பேட்டு என்னும் புதிய உப்பாகித் தகடுகளின்மேல் படிகிறது. 884 டிகிரியில் அது உருகுகிறது. உருகிய உப்பு, ஈயம் பூசும்போது நவச்சாரம் செய்த அதே வேலையைச் செய்கிறது. உலோகத்தின் தோலைக் கரைக்கிறது. அங்கே அழுக்குத்தோலைக் கரைத்தது நன்மை. இங்கே கரைவதோ காக்கும் தோல். எண்ணெய் எரிக்கும் பெரிய கப்பல்களின் கொதிகலன்களில் வனேடியம் என்னும் மற்றொரு பொருளும் இதே தீங்கைச் செய்கிறது. கசட்டு எண்ணெயில் சிறிதளவே இருக்கும் அதன் சாம்பல் 700 டிகிரிக்கும் குறைந்த சூட்டிலேயே உருகிவிடுகிறது.

இதற்கு எதிராகப் பிறந்தவை புதுவகைப் பூச்சுகள். கோபால்ட்டையோ நிக்கலையோ அடிப்படையாகக் கொண்டு, அதில் குரோமியமும் அலுமினியமும் சேர்த்து, தோல் இறுகப் பிடிப்பதற்காக இட்ரியம் என்ற அரிய உலோகத்தைத் துளியளவு கலந்து செய்தவை அவை. உலோகத்தைப் பொடியாக்கித் தீப்பிழம்பில் உருக்கித் தெளிக்கும் கலை இதற்குக் கைகொடுத்தது. சுவிட்சர்லாந்தில் ஷூப் என்பவர் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கிவைத்த கலை அது. முதலில் துத்தநாகத்தைப் பாலங்களில் தெளிக்கப் பயன்பட்டது, பின்னர் சுழலித் தகடுகளுக்கு வந்தது.

அத்துடன் கதை முடியவில்லை. 1970-களில் கப்பல்களின் சுழலிகளில் ஒரு புதிர் தோன்றிற்று. விரைந்து செல்லும்போது நன்றாக இருந்த தகடுகள், மெதுவாகச் செல்லும்போது அதிகமாக அரிக்கப்பட்டன! மெதுவாகச் சென்றால் சூடு குறைவு. சூடு குறைந்தால் கேடும் குறைய வேண்டுமல்லவா? ஆராய்ந்ததில் உண்மை புலப்பட்டது. சோடியம் சல்பேட்டு, பூச்சிலிருந்த கோபால்ட்டின் சல்பேட்டோடு கூடினால், 565 டிகிரியிலேயே உருகக்கூடிய கலவை உண்டாகிறது. அந்தக் கலவை 700 டிகிரி சுற்றுப்புறத்தில் நிலைத்திருக்கும். அதிகச் சூட்டில் நிலைக்காது. அதாவது, ஒரு பகைவனைத் தடுக்க நிறுத்திய காவற்காரனே இன்னொரு பகைவனுக்குக் கதவைத் திறந்துவிட்டான். குரோமியத்தை மிகுதியாக்கிய பூச்சுகள் இதற்குப் பரிகாரமாயின. எத்தனை பெரிய யந்திர விற்பன்னரும் இந்த ஒரு நிகழ்ச்சியைக் கேட்டால் சற்று அடக்கமாகப் பேசுவார் என்பது என் எண்ணம்.

இத்துறையில் நம்மவர் பங்கும் சிறியதன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் 15 லட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் வழங்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் டாக்டர் ராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். உலோக அரிப்பைப்பற்றிய ஆராய்ச்சி அதன் தலையாய பணிகளுள் ஒன்று. ராமேசுவரத்துக்குப் போகும் வழியிலுள்ள மண்டபத்தில் கடற்காற்றில் உலோகத் துண்டுகளை நிறுத்திவைத்து ஆண்டுக்கணக்கில் அவை தேய்வதை அளந்தார்கள். பெங்களூரில் 1989-இல் தொடங்கிய சுழலி யந்திரத் திட்டத்துக்குக் காவேரி என்று பெயர். அதன் கப்பல் வடிவம் விசாகப்பட்டினத்தில் சோதிக்கப்பட்டது. ஐதராபாத்தில் இயங்கும் பொடி உலோகவியல் ஆராய்ச்சி மையத்தில் தெளிப்பு முறைப் பூச்சுகளை ஆராய்கிறார்கள்.

இன்றைய சுழலித் தகடுகளில் உலோகப் பூச்சின்மேல் இன்னோர் அடுக்கும் உண்டு. அது சிர்க்கோனியா என்னும் பீங்கான் வகை. அமெரிக்க விண்வெளி நிறுவனத்தில் 1970-களில் பண்பட்டது. கீழே உள்ள உலோகப் பூச்சு பிராணவாயுவைத் தடுக்க, மேலே உள்ள பீங்கான் சூட்டையே தடுக்கிறது. வைத்தியரின் சீலைமண் சுற்றிவந்து மீண்டும் உலைக்குள் நுழைந்துவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. சிர்க்கோனியாவுக்கு மூலமான சிர்க்கான் மணல், கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலை ஒதுக்கும் கருமணலோடு கலந்து கிடக்கிறது.

அந்தமானின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் டீசல் யந்திரங்களிலிருந்தே கிடைக்கிறது. வட அந்தமானில் கல்போங் ஆற்றின்மேல் 2001-இல் தொடங்கிய சிறு நீர்மின் நிலையமும், சூரிய ஒளி நிலையங்களும் துணை நிற்கின்றன. பெருநிலத்தின் மின்கம்பி அங்கே எட்டாது. டீசல் யந்திரத்தில் மிகுதியாக வெந்துபோகும் உறுப்பு, புகையை வெளியேற்றும் வால்வு. அதன் முகத்தில் கோபால்ட்டுக் கலவையை உருக்கிப் படியவைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். புகைக்குழாயோ உள்ளே கனல, வெளியே மழையும் உப்பும் நனைக்க, இரு பகைவருக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே அலுமினியம் பூசிய எஃகு துத்தநாகத் தகட்டைவிடச் சிறந்தது.

கடலில் செல்லும் சுழலிக் கப்பல்களில் இத்தனை கவசங்களுக்குப் பிறகும் விடாமல் செய்யும் வேலை ஒன்று உண்டு. காற்று நுழையும் வாயிலில் உப்புத்துளிகளைப் பிடிக்கும் வலைகளைப் பொருத்துகிறார்கள். அதையும் மீறி உள்ளே படிந்த உப்பை அகற்ற, யந்திரம் ஆறியபின் அதன் காற்றழுத்தியை உப்பில்லாத தூய நீரால் கழுவுகிறார்கள். அந்த நீரைக் கப்பலிலேயே கடல்நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.